வாரைத் தளர்த்துங்கள்



குதிரையின் முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே பல்லில்லாத ஈறு உண்டு. கடிவாள இரும்பு அங்கேதான் கிடக்கிறது. மெல்லிய தோல், அதன்கீழ் எலும்பு, அழுத்தினால் நோகும். ஆகையால் இளங்குதிரையைப் பழக்குகிறவன் முதலில் அதன் பற்களைப் பார்க்கிறான். குளிர்ந்த இரும்பைக் கையில் வைத்துச் சூடாக்கி, தேன் தடவி, மெதுவாய் வாயிலிடுகிறான். முதல் நாட்களில் வாரைத் தொடுவதேயில்லை. பிறகு மெல்ல இழுக்கிறான். குதிரை இணங்கிய கணமே தளர்த்துகிறான். அந்தத் தளர்வே அதற்கு வெகுமானம். ஓயாமல் இழுத்தாலோ வாய் புண்ணாகும். நாளடைவில் எந்த இழுப்புக்கும் குதிரை அசையாது.

பெற்றோரே, பிள்ளை கீழ்ப்படிந்த பின்னும் பழைய குற்றத்தைச் சொல்லிச் சொல்லி இழுக்கிறீர்களா? பாவசங்கீர்த்தனத்தில் நமக்கு மன்னித்ததைச் சர்வேசுரன் மறுபடி கிளறுவதில்லையே! அர்ச். யாகப்பர் தம் நிருபத்தின் 3-ம் அதிகாரத்தில் கடிவாளத்தைப் பேசியது மனிதரின் நாவைக் குறித்தே. ஆகவே முதற் கடிவாளம் நம் வாய்க்கு. இன்றிரவு ஜெபமாலைக்கு முன், நீங்கள் அதிகம் கடிந்துகொண்ட பிள்ளையை அருகில் அழைத்து, "அது முடிந்துபோயிற்று" என்று சொல்லுங்கள்.