தள்ளிப்போடும் உரிமை

வானிலை பற்றி நாம் கேட்கும் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: மழை வருமா? இதற்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது. வந்தால் நான் நாளை மாற்றிக்கொள்ள முடியுமா? முதல் கேள்விக்குப் பதில் சொல்ல ஒரு விஞ்ஞானமும் ஒரு அரசுத் துறையும் இருக்கின்றன. இரண்டாவதற்கான பதில், கேட்பவன் எந்தத் தொழில் செய்கிறான், அவனுக்குக் கூலி எப்படிக் கிடைக்கிறது என்பதைப் பொறுத்தது. முதலாவதை இயற்கை பற்றிய கேள்வி என்றும், இரண்டாவதை வெறும் சௌகரியம் பற்றியது என்றும் எண்ணிப் பழகிவிட்டோம். அறம் சம்பந்தப்பட்ட பிரச்னை இரண்டாவதில்தான் இருக்கிறது என்பது என் கட்சி.

இதை யோசிக்க வைத்த சந்தர்ப்பம் சாதாரணமானது. மாசியில் நண்பர்கள் நால்வர் மங்கலம்பேட்டையிலிருந்து வேனில் புறப்பட்டு, விருத்தாசலம், சேத்தியாத்தோப்பு, புவனகிரி வழியாகச் சிதம்பரம் சேர்ந்து, பிறகு கடலோரமாகவே தரங்கம்பாடி, காரைக்கால், நாகூர், வேதாரண்யம் என்று கோடியக்கரை வரை போவதாகத் திட்டம். வலசை வந்த பூநாரைகள் திரும்புவதற்குள் பார்த்துவிடவேண்டும் என்பது ஒருவருடைய ஆசை. நால்வரும் மாதச் சம்பளக்காரர்கள். 'மழை என்று சொன்னால் கேன்சல் பண்ணிக்கொள்ளலாம்' என்றார் ஒருவர். அந்த வாக்கியத்தில் எழுவாய் இல்லை. யார் கேன்சல் பண்ணுவது, யாருக்குக் கேன்சல் ஆவது என்பது அதில் தெரியவில்லை.

பஞ்சாங்க ஞானத்தின்படி மாசியில் மழை கிடையாது. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. ஜனவரியையும் பிப்ரவரியையும் வானிலைத் துறை குளிர்காலம் என்று தனியே பிரித்துவைத்திருக்கிறது. வங்கக் கடல் இந்தப் பாகப்பிரிவினைக்குக் கட்டுப்படுவதில்லை. 2021 ஜனவரியில் பெய்த மழையில் டெல்டாவின் விளைந்த நெல் தண்ணீரில் நின்றது. 2023 பிப்ரவரி தொடக்கத்தில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் இலங்கையைக் கடந்தபோது அறுவடைக்குக் காத்திருந்த சம்பா இங்கே சாய்ந்தது. 1961இல் எட்வர்ட் லோரன்ஸ் தன் கணிப்பொறியில் 0.506127 என்ற எண்ணைச் சுருக்கி 0.506 என்று கொடுத்தார். சிறிது காலத்துக்குப் பின் கணக்கில் முற்றிலும் வேறொரு வானிலை வந்து நின்றது. காற்றை அவ்வளவு நுணுக்கமாக அளப்பவர் யாரும் இல்லை. ஆகவே ஒரு மாதம் முன்னதாகப் போடும் எந்தத் திட்டமும் இருட்டில் போடும் திட்டம்தான்.

இந்த இருட்டில் எப்படி நடந்துகொள்வது என்பதற்கு ஸ்டோயிக்குகளிடம் ஒரு பதில் உண்டு. எபிக்டெட்டஸ் கடல் பயணத்தையே உதாரணமாகச் சொல்கிறார். மாலுமியை, ஆட்களை, நாளை, நேரத்தை நான் தேர்ந்தெடுக்கிறேன். அதன் பிறகு புயல் வந்தால் அது என் விவகாரமல்ல, என் பங்கை நான் செய்தாயிற்று என்பது அவர் வாதத்தின் சாரம். நம் வசத்தில் உள்ளது, இல்லாதது என்று உலகத்தை இரண்டாகப் பிளந்துகொண்டால் மனம் கலங்காது. நல்ல யோசனைதான். ஆனால் ஒன்று கவனிக்கவேண்டும். அந்த உதாரணத்தில் மாலுமியும் ஆட்களும் நாளும் நேரமும் ஒரே வரிசையில் வருகிறார்கள். எல்லாம் பயணி தேர்ந்தெடுக்கும் பொருள்கள். மாலுமிக்கு அந்தப் புயல் யாருடைய விவகாரம்? அடிமையாகப் பிறந்த எபிக்டெட்டஸ்கூட இந்த இடத்தில் பயணியின் இருக்கையிலிருந்துதான் பேசுகிறார் என்பது எனக்கு வியப்பு.

எங்கள் வேனுக்கு டிரைவர் உண்டு. வாய்வார்த்தையாகப் பேசி, சிறு அட்வான்ஸ் கொடுத்து நாளைக் குறித்துவிட்டால் அந்த இரண்டு நாளுக்கு வரும் வேறு சவாரியை அவர் விட்டுவிடுவார். மாசி முகூர்த்த மாதம், சவாரிக்குப் பஞ்சமில்லை. முந்தின நாள் இரவு நாங்கள் மேகத்தைப் பார்த்துப் பின்வாங்கினால், எங்களுக்கு ஒரு உல்லாசம் தள்ளிப்போகிறது. அவருக்கு இரண்டு நாள் கூலி தள்ளிப்போவதில்லை, இல்லாமல் போகிறது. ஒரே மேகம், ஆனால் ஒருவருக்கு ஒத்திவைப்பு, மற்றவருக்கு நஷ்டம்.

எங்கள் வழி நெடுக இதே கணக்குத்தான். விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைகளில் அச்சிலிருந்து எடுத்த பொம்மை காயவேண்டும். ஈரத்தோடு சூளைக்குப் போனால் உள்ளே இருக்கும் நீர் ஆவியாகி அதை வெடிக்கவைக்கும். ஈரக்காற்றில் அது காய மறுத்தால் சூளை காத்திருக்கவேண்டியதுதான். டெல்டாவில் விளைந்த கதிருக்குக் காத்திருக்கத் தெரியாது. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பத வரம்பு 17 சதவீதம். 2023இல் அதைத் தளர்த்தச் சொல்லி மாநில அரசு டெல்லிக்கு எழுதவேண்டியிருந்தது. வேதாரண்யத்தில் ஜனவரியில்தான் உப்புப் பாத்திகளைச் சீர்செய்து வேலை தொடங்குகிறார்கள். பிப்ரவரியின் ஒரு மழை பூத்த உப்பைக் கரைத்துவிட்டுப் போகும். கடலுக்குப் போகவேண்டாம் என்ற எச்சரிக்கைக்கு மீனவர் கட்டுப்படுகிறார், அந்த நாளின் மீனை மறுநாள் சேர்த்துப் பிடிக்க முடியாது என்று தெரிந்தே.

நான் வங்கியில் குமாஸ்தா. தள்ளிப்போடுவதற்கு எங்கள் கவுண்டரில் விலை எழுதியிருக்கிறது. தவணை தவறினால் வட்டி. இயற்கைச் சீற்றத்தால் பயிர் போனால் கடனைத் திருப்பிக் கட்டும் காலத்தை நீட்டிக்க வழியுண்டு. ஆனால் சேதம் ஒரு அளவைத் தொடவேண்டும். 2015இல் அந்த அளவை 50 சதவீதத்திலிருந்து 33ஆகக் குறைத்தார்கள். நல்ல காரியம். ஆனாலும் மூன்றில் ஒரு பங்கு அழிந்ததை நிரூபித்த பிறகே ஒரு விவசாயிக்குக் கிடைக்கிற உரிமை, ஒரு கேஷுவல் லீவை ரத்து செய்வதன் மூலம் எனக்குக் கிடைத்துவிடுகிறது. நிச்சயமின்மை எல்லோருக்கும் பொது. தள்ளிப்போடும் உரிமை பொது அல்ல. அது ஒரு சொத்து, மற்ற சொத்துக்களைப் போலவே பங்கிடப்பட்டிருக்கிறது.

முன்னறிவிப்பு என்ற தொழிலே இந்தச் சிக்கலில்தான் பிறந்தது. இங்கிலாந்தில் அட்மிரல் ஃபிட்ஸ்ராய் 1861 ஆகஸ்டில் 'டைம்ஸ்' நாளேட்டில் பொதுமக்களுக்கான முதல் வானிலை அறிவிப்பை வெளியிட்டார். துறைமுகங்களில் புயல் சின்னம் ஏற்றும் ஏற்பாடும் அவருடையதே. தவறிய கணிப்புக்களுக்காகக் கேலி செய்யப்பட்டார். 1865இல் தன் கையாலேயே உயிரை மாய்த்துக்கொண்டார். அடுத்த ஆண்டு புயல் எச்சரிக்கைகள் நிறுத்தப்பட்டன. கடலோர மக்கள் கேட்டதால் 1867இலேயே திரும்ப வந்தன. அறிவிப்பு தவறியதற்காகச் சிரித்தவர்களும், தவறினாலும் வேண்டும் என்றவர்களும் வேறு வேறு கூட்டம். எச்சரிக்கைக்கு எதைக் கொடுத்தும் தீரவேண்டியவனுக்குத்தான் அதன் மதிப்புத் தெரியும்.

இங்கே ஒரு ஆட்சேபம் எழலாம். டிரைவரும் கணக்குத் தெரிந்தவர்தானே, ரத்தாகும் சவாரிகளையும் சேர்த்துத்தானே வாடகை கேட்பார், இதில் அறம் எங்கே வந்தது? அப்படிச் சேர்த்துக் கேட்டு வாங்க முடிந்தால் எனக்கு மறுப்பில்லை. நான்கு வேன் நிற்கும் ஒரு சின்ன ஊரில், அட்வான்ஸைத் திருப்பித் தரமாட்டேன் என்று சொல்லும் டிரைவருக்கு மறுசவாரி கிடைப்பது சந்தேகம். பேரத்தில் சமம் இல்லாத இடத்தில் மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது கணக்கு ஆகாது.

இன்னொரு ஆட்சேபம் வலுவானது. அப்படியானால் குறித்த நாளில் என்ன வந்தாலும் கிளம்பவேண்டும் என்கிறாயா? 1964 டிசம்பர் 22 இரவு பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன பாசஞ்சர் ரயில் கடலுக்குள் போயிற்று. நூற்றுக்கும் மேற்பட்டோர் அதில் இருந்தார்கள். சொன்ன நேரத்துக்குப் புறப்படுவது ஒரு நற்குணம் என்றால், அந்த நற்குணத்துக்கு இது எல்லை. நனைவது வேறு, சாவது வேறு. உயிருக்கு ஆபத்து என்றால் போகக்கூடாது, டிரைவரை ஓட்டச் சொல்லவும்கூடாது. என் வாதம் புறப்படுவதைப் பற்றியதல்ல, செலவைப் பற்றியது. வானத்தைப் பார்த்து முடிவெடுக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ, அந்த முடிவின் விலையையும் அவரே கொடுக்கவேண்டும்.

ஒவ்வொரு மாசியிலும் இதே திசையில் இன்னொரு பயணம் நடக்கிறது. ஸ்ரீமுஷ்ணம் பூவராகசாமி மாசி மகத்துக்குத் தீர்த்தவாரி காணக் கிள்ளைக் கடற்கரைக்குப் போகிறார். கிள்ளையில் தர்காவைச் சேர்ந்த முஸ்லிம்கள் அவரை மரியாதை செய்து வரவேற்கிறார்கள். அந்த நாள் நட்சத்திரத்தால் குறிக்கப்பட்டது. யாருடைய சௌகரியத்துக்கும் மாறாது. எனக்குப் பக்தி போதாது. ஆனாலும் அந்த ஏற்பாட்டின் நியாயம் எனக்குப் புரிகிறது. மழை வந்தால் சுமப்பவர், பார்ப்பவர், வரவேற்பவர் எல்லோரும் நனைகிறார்கள். நிச்சயமின்மையை ஒருவர் தலையில் இறக்கிவிட்டு இன்னொருவர் வீட்டில் இருக்க வழியில்லை.

நம் புதுக்கவிதையில் மழை பெரும்பாலும் ஜன்னலுக்கு வெளியேதான் பெய்கிறது. உள்ளே இருப்பவருக்கு அது ஒரு மனநிலையாகிறது. வெளியே போகாமலிருக்க முடிந்தவரின் மழை அது என்பதை நாம் விமர்சனத்தில்கூடக் கேட்டதில்லை.

நண்பர்களுக்கு நான் எழுதியது இவ்வளவே. நாள் மாறாது, இடங்கள் மாறலாம். இரண்டு நாள் வாடகை முழுவதையும் முன்கூட்டியே கொடுத்துவிடுவோம். சாலை திறந்திருந்து மழை மட்டும் பெய்தால் போகிற வரை போவோம். பூநாரையைப் பார்க்காமல் சீர்காழியில் ஒரு லாட்ஜில் உட்கார்ந்து பேசிவிட்டுத் திரும்பினாலும் சரி. புயல் என்றால் வேன் அவர் வீட்டு வாசலில் நிற்கட்டும், பணம் அவரிடமே இருக்கட்டும். ஒருவர் இதைத் தர்ம சிந்தனை என்று பாராட்டி எழுதியிருக்கிறார். தர்மம் கொடுப்பவன் கொடுக்காமலும் இருக்கலாம் என்பதால், இது வாடகை என்று பதில் போட்டிருக்கிறேன்.