பார்க்கும்போது இல்லாத பழுது

‘இல்லை’ என்று சொல்ல ஒருவனுக்கு எப்போது உரிமை வருகிறது? கடவுளைப் பற்றியோ ஆன்மாவைப் பற்றியோ நான் பேச வரவில்லை. ஒரு சமையலறை ஓவனைப் பற்றித்தான் பேசுகிறேன். கேள்வி என்னவோ அதேதான்.

என் அக்கா கேக் செய்து விற்பவள். அவளுடைய ஓவன் திடீர் திடீரென்று நின்று, முகப்பில் ஓர் எழுத்தும் எண்ணுமாக ஒரு குறியைக் காட்டும். மெக்கானிக் வந்து சுவிட்சைப் போட்டால் ஒழுங்காகச் சூடேறும். “நல்லாத்தானே இருக்கு மேடம்” என்பார். மூன்றாம் முறை வந்தபோது கன்ட்ரோல் போர்டையே மாற்றினார். குறி அதைத்தான் சுட்டுகிறதாம். இரண்டு வாரத்தில் மறுபடியும் அதே குறி. இதற்குள் சந்தேகம் அக்காவின் பக்கம் திரும்பிவிட்டது. கதவைச் சரியாக மூடுகிறாளா, பட்டனை மாற்றி அழுத்துகிறாளா என்று வீட்டிலேயே கேட்க ஆரம்பித்தார்கள். யந்திரத்தில் அகப்படாத பழுதை மனுஷியிடம் கண்டுபிடிப்பது சுலபம்.

குறி என்ன சொல்கிறது? இத்தகைய ஓவன்கள் பலவற்றில் சூட்டை அளப்பது ஒரு பிளாட்டினம் சென்ஸார். அதில் பரவலான ஒரு வகையின் மின்தடை 0 டிகிரி செல்ஸியஸில் 1000 ஓம். 200 டிகிரியில் ஏறத்தாழ 1758 ஓம். போர்டுக்குச் சூடு தெரியாது, மின்தடைதான் தெரியும். வழியில் ஒரு இணைப்பு கறுத்துப்போய் 40 ஓம் கூடினால், ஓவன் பத்து டிகிரி அதிகம் காய்ந்துவிட்டதாக அது எண்ணிக்கொள்ளும். இணைப்பு முற்றிலும் விலகினால் குறி போட்டு நின்றுவிடும். ‘எனக்கு வந்த எண் சரியில்லை’ என்பதற்கு மேல் குறியில் அர்த்தம் எதுவும் இல்லை. உலோகம் சூட்டில் விரிகிறது, ஆறினால் சுருங்குகிறது. சூட்டில் விலகும் இணைப்பு ஆறியதும் கூடிவிடுகிறது. மெக்கானிக் வந்து பார்ப்பதோ எப்போதும் ஆறிய ஓவனை.

மீமாம்சகரில் குமாரிலரின் மரபு, இல்லாமையை அறிவதற்கென்றே அனுபலப்தி என்று தனிப் பிரமாணம் ஒன்றை ஏற்றது. மணிமேகலையின் 27ஆம் காதையும் அளவைகளில் ஒன்றாக அபாவத்தை எண்ணுகிறது. ஆனால் வெறுமனே காணாதது போதாது. இருந்திருந்தால் கண்ணில் பட்டிருக்கும் என்கிற நிலையில் நின்று காணாதிருக்க வேண்டும். யோக்யானுபலப்தி என்பது இதுதான். இருட்டறையில் குடம் தென்படாதது, குடம் இல்லை என்பதற்குப் பிரமாணமாகாது. ஆறிய ஓவன் ஓர் இருட்டறை. மெக்கானிக் பொய் சொல்லவில்லை. ‘நான் காணவில்லை’ என்பதை ‘இல்லை’ என்று மொழிபெயர்த்தார். இந்த மொழிபெயர்ப்பில்தான் அநீதி நிகழ்கிறது.

இதன் விலை கெட்டுப்போன கேக்குகளோடு நிற்பதில்லை. தெராக்-25 என்ற கதிர்வீச்சு சிகிச்சை யந்திரம் 1985க்கும் 1987க்கும் இடையில் ஆறு பேருக்கு அளவு கடந்த கதிர்வீச்சைப் பாய்ச்சியது. டெக்ஸாஸில் டைலர் நகர மருத்துவமனையில் 1986 மார்ச்சில் ஒரு நோயாளி மின்சாரம் தாக்கியது போலத் துடித்தார். திரையில் ‘மால்ஃபங்ஷன் 54’ என்று மட்டும் வந்தது. பொறியாளர்கள் சோதித்தார்கள், பழுது வரவில்லை. யந்திரம் மீண்டும் வேலைக்கு வந்தது. ஏப்ரலில் இன்னொரு நோயாளி, அதே 54. இருவரும் இறந்தார்கள். கடைசியில் பழுதை வரவழைத்தவர்கள் அந்த மருத்துவமனையின் பௌதிகவியலாளரும் யந்திரத்தை இயக்கிய பெண்ணும். பழகிய கை தவறாக அடித்ததை 8 விநாடிக்குள் திருத்தி முடித்தால் மட்டுமே அது தோன்றியது. நிதானமாகச் சோதித்தவனுக்கு அது தோன்றவே தோன்றாது. அவளுடைய கையின் வேகமும் பழுதின் ஓர் உறுப்பு.

அப்படியானால் எந்தப் புகாரையும் பொய் என்று தள்ள முடியாதே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. புகார் சொல்பவருக்கும் கடமை இருக்கிறது: எப்போது, எவ்வளவு நேரத்துக்குப் பிறகு, என்ன செய்துகொண்டிருந்தபோது என்று சொல்ல வேண்டும். அக்கா கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் குறி வந்த நேரங்களை எழுதி வைத்தாள். அத்தனையும் மூன்றாவது தட்டின்போது, ஓவன் ஒரு மணி நேரம் எரிந்த பிறகு. அடுத்து வந்த வேறொரு மெக்கானிக் அந்த நோட்டைப் படித்தார். ஒன்றேகால் மணி நேரம் ஓவனை ஓடவிட்டு, மின்சாரத்தைத் துண்டித்து, சூடு இறங்குமுன் பின்தகட்டைக் கழற்றி சென்ஸார் பிளக்கை அசைத்தார். மீட்டரில் எண் தாவியது. பழைய போர்டில் எந்தக் குறையும் இருந்திருக்காது.

எல்லா நிலைகளிலும் எவராலும் சோதிக்க முடியாது. எங்கேயோ நிறுத்தத்தான் வேண்டும். நிறுத்துகிற இடத்தை மறைக்காமல் சொல்லலாம்: ‘பத்து நிமிஷம் பார்த்தேன், ஆறிய நிலையில் பார்த்தேன், அதில் இல்லை.’ ஒரு கவிதையை ஒருமுறை புரட்டிவிட்டு அதில் ஒன்றுமில்லை என்று எழுதுகிற நம் விமர்சகர்களும் இந்த ஒரு வாக்கியத்தைச் சேர்த்துக்கொள்ளலாம்.