காவலாளர் வாய் திறக்கட்டும்

பொதுக்காலம் 23ஆம் ஞாயிறு, முதல் ஆண்டு
எசேக்கியேல் 33:7-9, உரோமையர் 13:8-10, மத்தேயு 18:15-20



ஆண்டவர் எசேக்கியேலை இஸ்ரயேல் வீட்டாருக்குக் காவலாளராக வைக்கிறார். ஆபத்தைக் கண்டால் குரல் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் அவருடைய வேலை. கேட்பதும் கேளாமல் போவதும் மற்றவர் பொறுப்பு. ஆனால் கண்டும் வாயை மூடிக்கொண்டால், அழிந்துபோனவரின் இரத்தப்பழிக்கு அவரே கணக்குக் கொடுக்க வேண்டும்.

இந்த வாசகத்தை இன்று நம் பிள்ளைகளை மனத்தில் வைத்துக் கேட்கும்படி வேண்டுகிறேன். எட்டாவது, ஒன்பதாவது படிக்கிற பிள்ளைகளின் கைக்குக் கூல் லிப் வருகிறது, ஹான்ஸ் வருகிறது, கஞ்சா வருகிறது. வலிக்குக் கொடுக்கும் மாத்திரை போதைக்கு விற்கப்படுகிறது. இது யாருக்கும் தெரியாமல் நடக்கவில்லை. எந்தக் கடை என்று தெருவுக்குத் தெரியும். எந்தப் பையன் என்று வகுப்புக்குத் தெரியும். அவன் கண் சிவந்திருப்பதும், அம்மாவின் பணம் குறைவதும், பள்ளிக்குப் புறப்பட்டவன் பள்ளி போய்ச் சேராததும் பக்கத்து வீட்டுக்குத் தெரியும். அன்பியக் கூட்டம் முடிந்ததும் தாழ்ந்த குரலில் பேசிக்கொள்கிறோம். பிறகு அவரவர் வீட்டுக்குப் போய்விடுகிறோம்.

நற்செய்தியில் இயேசு ஓர் ஒழுங்கு சொல்கிறார். முதலில் நீ தனியாகப் போ. கேட்கவில்லை என்றால் ஒருவரையோ இருவரையோ கூட்டிக்கொண்டு போ. அதற்கும் கேட்கவில்லை என்றால் திருச்சபையிடம் சொல். நாம் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு, அந்தப் பிள்ளையிடமும் அவன் பெற்றோரிடமும் மட்டும் சொல்லாமல் விடுகிறோம். புறணி பேசுவதை அக்கறை என்று நினைத்துக்கொள்கிறோம்.

இதே 18ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தையும் வீட்டில் வாசித்துப் பாருங்கள். இயேசு ஒரு குழந்தையை அழைத்து நடுவில் நிறுத்துகிறார். சிறியவரை இடறச் செய்பவரின் கழுத்தில் எந்திரக்கல்லைக் கட்டிக் கடலில் ஆழ்த்துவது மேல் என்கிறார். அடுத்துத் தவறிப்போன ஒரே ஓர் ஆட்டைத் தேடிப் போகிறவரைப் பற்றிப் பேசுகிறார். போதையில் விழுந்த பிள்ளை அந்த ஆடு. எந்திரக்கல் அவனுக்கு விற்றவருக்குச் சொன்னது. நாமோ பல நேரம் பிள்ளையின் கழுத்தில் கல்லைக் கட்டுகிறோம், விற்றவரிடம் போய்ச் சில்லறை மாற்றிக்கொண்டு வருகிறோம். 2024 ஜூன் 26 அன்று தம் மறைக்கல்வி உரையைத் திருத்தந்தை பிரான்சிஸ் போதைப்பொருள் பற்றியே வழங்கினார். விற்பவர்களைக் கொலைகாரர்கள் என்றார். பழக்கத்துக்கு அடிமையானவர்களையோ அன்போடு செவிமடுத்துக் குணமாக்க வேண்டியவர்களாகக் கண்டார்.

‘போலீஸ் கேஸ் ஆகிவிடும், பிள்ளையின் எதிர்காலம் போய்விடும்’ என்ற பயத்தில்தான் நல்லவர்களும் மௌனமாக இருக்கிறார்கள். ஆகவே இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், போதைப் பழக்கத்துக்கு இழுக்கப்படும் ஆபத்தில் உள்ள பிள்ளையைப் பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை என்றே அழைக்கிறது. அப்படிப்பட்ட பிள்ளைக்காக ஏற்பட்டது குழந்தைகள் நலக் குழு. அதில் ஒரு தலைவரும் நான்கு உறுப்பினர்களும் இருப்பார்கள். ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். பிள்ளையைக் குழுவின் முன் அழைத்து வர ஆசிரியர், செவிலியர், மருத்துவர், சமூகப் பணியாளர் என்று பலருக்கும் வழி உண்டு. பொதுநல நோக்குள்ள எந்தக் குடிமகனும் செய்யலாம். குழு விசாரித்து, ஆற்றுப்படுத்தலுக்கும் சிகிச்சைக்கும் ஏற்பாடு செய்யும். பிள்ளையை இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் அடிப்படைக் கொள்கைகளில் ஒன்று. பிள்ளையின் பெயரையோ படத்தையோ பள்ளியையோ ஊடகத்தில் வெளியிடுவது தண்டனைக்குரிய குற்றம். குழந்தைக்கு மதுவோ புகையிலையோ போதைப்பொருளோ கொடுப்பவருக்கு ஏழு ஆண்டு வரை கடுங்காவல் சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. நம் மௌனம் யாரைக் காப்பாற்றுகிறது என்பதை இதிலிருந்தே நீங்கள் கண்டுகொள்ளலாம்.

‘சந்தேகம்தானே, தவறாக இருந்தால்?’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கண்டதை மட்டும் சொல்லுங்கள், ஊகத்தைச் சேர்க்காதீர்கள். எந்த நாள், எந்த இடம், என்ன பார்த்தீர்கள் என்பது போதும். உண்மை எது என்று ஆராய்வது பயிற்சி பெற்றவர்களின் வேலை. சம்பந்தப்பட்ட குடும்பத்தின் மேல் உங்களுக்குப் பழைய பகை இருந்தால், வாய் திறக்குமுன் உங்கள் மனச்சான்றை ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். பவுலடியார் இன்று சொல்வதும் இதுதான்: அன்பு அடுத்திருப்பவருக்குத் தீங்கு செய்யாது.

குருவாகிய எனக்கும் இதில் ஒரு வரம்பு உண்டு. ஒப்புரவு அருட்சாதனத்தில் கேட்டதை உயிர் போனாலும் நான் யாரிடமும் சொல்ல முடியாது. ஆகவே உதவி வேண்டுமென்றால் பாவமன்னிப்போடு நின்றுவிடாமல், பங்கு இல்லத்துக்கும் வந்து பேசுங்கள். அப்போது உங்களோடு சேர்ந்து நடக்க என்னால் முடியும்.

பெற்றோரே, மாற்கு நற்செய்தியில் வரும் ஒரு தந்தையை உங்களுக்கு நினைவூட்டுகிறேன். மகனைத் தீய ஆவி நெருப்பிலும் தண்ணீரிலும் தள்ளுகிறது. சீடர்களிடம் கொண்டுபோகிறார்; அவர்களால் முடியவில்லை. மக்கள் கூட்டத்தின் நடுவில், இத்தனை பேர் கேட்கிறார்களே என்று கூசாமல், சிறு வயது முதலே இவன் இப்படித்தான் என்று இயேசுவிடம் சொல்கிறார். தம் நம்பிக்கையே தள்ளாடுகிறது என்பதையும் மறைக்கவில்லை. குடும்பப் பெயர் என்ன ஆகும் என்று அவர் வீட்டிலேயே இருந்திருந்தால், மகன் எழுந்து நின்றிருக்க மாட்டான்.

நீங்களும் உதவி கேட்கத் தயங்காதீர்கள். குழந்தைகளுக்கான உதவி எண்ணாகிய 1098ஐ இன்றே உங்கள் போனில் பதிந்துகொள்ளுங்கள். கட்டணம் கிடையாது. இரவும் பகலும் எடுப்பார்கள்.

பீடச்சிறாரே, மறைக்கல்விக்கு வரும் பிள்ளைகளே, கடைசியாக உங்களிடம் ஒன்று. உங்களில் யாராவது இதில் மாட்டிக்கொண்டிருக்கலாம். நண்பனைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று யாராவது தவித்துக்கொண்டிருக்கலாம். அவனுக்காகப் பேசுவது துரோகம் ஆகாது. குழுவின் முன் குழந்தை தானாகவே வந்து நிற்கவும் சட்டம் இடம் தருகிறது. 1098க்கு நீங்களே அழைக்கலாம். அழைக்கப் பயமாக இருந்தால் எந்த நேரமானாலும் என்னிடம் வாருங்கள், சேர்ந்தே அழைப்போம்.