கடாரத்துக் கற்களும் லயத்து மண்ணும்

தஞ்சோங் டாவாய்க் கரையில் நின்றால், மெர்போக் ஆறு கடலோடு கலக்கும் காட்சி கண்முன் விரியும். ஆற்றோரம் நெடுக அலையாத்திக் காடு. வானில் செம்பருந்துகள் வட்டமிடும். அக்கரையில் பந்தாய் மெர்டேக்கா கடற்கரை. வடக்கே ஜெராய் மலை. பண்டைய மாலுமிகளுக்குக் கரைகாட்டிய மலை அது. விடுமுறைக்கு வருவோர் பலர் நெத்திலிக் கருவாடு வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவர். நாங்கள் பூஜாங் பள்ளத்தாக்கிற்கும் சென்றோம்.

புக்கிட் பத்து பாஹாட் சண்டியின் கருங்கல் மேடையில் ஏறி நின்ற என் தங்கை மகன், "மாமா, இது நாம் வென்ற நாடு அல்லவா?" என்று பெருமிதத்தோடு கேட்டான். கடாரம் கொண்ட சோழனைப் பள்ளியில் படித்தவன், அவன்மீது குற்றமில்லை.

ஆனால், 'நாம்' என்பவர் யார்? கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் எழுப்பிய பௌத்த விகாரத்திற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரையே இறையிலியாக ஈந்தான் இராசராசன். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து, 1025இல், அவன் மகன் இராசேந்திரன் அதே கடாரத்தின்மீது கப்பற்படையை ஏவினான். கொடையைச் செப்பேடு சொல்கிறது; கொள்ளையைக் கல்வெட்டு சொல்கிறது. நாம் மட்டும் பின்னதையே ஏன் பிள்ளைகளுக்குப் பெயராகச் சூட்டுகிறோம்?

இன்னொன்றும் என்னை உறுத்தியது. சுங்கை பத்துத் தோட்டத்தில் இருந்த பதினோராம் எண் சண்டி, நில மேம்பாட்டிற்காகத் தரைமட்டமாக்கப்பட்ட செய்தி 2013ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்தது. நாடே கொதித்தது, நானும் கொதித்தேன். கொதித்தது முறையே. ஆயினும், பால்மரம் வீழ்ந்து செம்பனை எழுந்தபோது, எங்கள் லயங்களும் இடுகாடும் மண்ணோடு மண்ணானதற்கு நான் ஒரு வரி கடிதமும் எழுதியதில்லை. அங்கே அரசர் எவரும் வாழவில்லை என்பதனாலா?

என் தாத்தா பீடோங் வட்டாரத்துத் தோட்டமொன்றில் பால் வெட்டியவர். அவருடைய தம்பியைச் சப்பானியர் 1943இல் சயாம் இரயில் பாதை போடக் கொண்டு சென்றனர். அவர் மீளவில்லை. அவர் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. வென்றவனின் வழித்தோன்றல் என்று மார்தட்டும் நாம், கூலியின் பேரன் என்று சொல்ல மட்டும் தயங்குகிறோம். சோழனுக்கும் எனக்கும் உள்ள உறவை நான் மெய்ப்பிக்க இயலாது; அந்தச் சின்னத் தாத்தாவின் உறவுக்கோ என் முகமே சான்று என்று அம்மா சொல்வார்.

சண்டியிலிருந்து இறங்கியதும் காரைப் பீடோங் பக்கம் திருப்பினேன். ஒரே சீராகச் செம்பனை வரிசைகள். லயம் இருந்த இடத்தை ஒரு கிணற்றைக் கொண்டுதான் அடையாளம் கண்டேன். தூர்ந்து, வாயில் புல் மண்டிக் கிடந்தது. பையன் குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தான்.

"இதை யார் வெட்டினார்கள், மாமா?" என்றான்.

எனக்குத் தெரிந்த பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினேன்.