குளத்து நீர் யாருக்குச் சொந்தம்?

நீரின்றி வழிபாடு இல்லை. கும்பம் வைப்பதும், அபிஷேகம் செய்வதும், தீர்த்தமாடுவதும் நீரினாலேயே. திருவள்ளுவரும் கடவுள் வாழ்த்தை அடுத்து வான் சிறப்பையே வைத்தார். அத்தகைய நீர் குளத்தில் குறைந்துவிட்டால், அது யாருக்குரியது? மதகடியில் வயல் உள்ளவருக்கா? வாய்க்காலின் கடைசியில் வயல் உள்ளவருக்கா?

சிறு குளங்களை நம்பி வாழ்ந்த இந்நாட்டுக் கிராமத்தவர் இதற்கு ஒரு விடை கண்டிருந்தனர். சிங்கள மக்கள் அதனைப் "பெத்ம" என்பர். சிறுபோகத்தில் குளநீர் வயல் முழுவதற்கும் போதாதெனக் கண்டால், விவசாயிகள் கூடி, மதகுக்கு அண்மையிலுள்ள பகுதியை மாத்திரம் விதைக்கத் தீர்மானிப்பர். அப்பகுதியையும் அனைவரும் தத்தம் பங்கிற்கேற்பப் பிரித்துக்கொள்வர். மதகடி வயற்காரர் தமது நிலத்தில் அயலவர் விதைக்க இடங்கொடுப்பார். போகம் முடிந்ததும் நிலம் உரியவரிடமே திரும்பும்.

இது தானமா? அன்று. குளக்கட்டைத் திருத்துவதும் வாய்க்காலைத் துப்புரவாக்குவதும் பங்காளர் அனைவரதும் கடமை. கடைசி வயற்காரரின் வியர்வையும் அக்கட்டில் கலந்திருக்கிறது. அவருக்குக் கொடுப்பது இரக்கமன்று. தீர்க்க வேண்டிய கடன்.

ஆனால் வயலே இல்லாதவர் நிலை என்ன? பெத்ம முறை வயலுடையோருக்குள் மாத்திரம் நடைபெறும் பங்கீடு. கூலிக்கு அறுவடை செய்பவருக்கும், மாடு வளர்ப்பவருக்கும், குளத்தில் குளித்துத் துவைக்கும் குடும்பங்களுக்கும் அதில் பங்கில்லை. தாகத்திற்குக் காணி உறுதி கேட்கலாமா? இறுதிச் சொட்டையும் வயலுக்குத் திறந்துவிடாது, மனிதருக்கும் வாயில்லா ஜீவன்களுக்குமெனக் குளத்தில் சிறிது நீரை விட்டுவைப்பதே முழுமையான அறமாகும்.

நாவுலைப் பிரதேசத்தில் இதனை நினைவூட்டும் சாட்சியொன்று உண்டு. தென்னிந்தியக் கோயிற்கலையும் பௌத்தமும் இணைந்த நாலந்தா கெடிகே முன்னர் வயல்வெளி நடுவே நின்றது. மகாவலித் திட்டத்தில் அவ்விடம் நீருள் மூழ்கவிருந்தமையால், 1975இல் கல் கல்லாகப் பிரிக்கப்பட்டு, 1980இல் நீர்க்கரையில் உயரமான இடத்தில் மீண்டும் எழுப்பப்பட்டது. ஆயிரம் ஆண்டுப் பழைமை வாய்ந்த ஆலயமே பலரது வயலுக்குப் பாயும் நீருக்காக இடம்விட்டுக் கொடுத்தது. ஒரு போகத்திற்கு ஒரு வரம்பை விட்டுக்கொடுப்பது மனிதருக்குப் பெரிதா?

சந்நிதியில் தீர்த்தம் வழங்குகையில் எவரிடமும் காணி எவ்வளவு என்று கேட்பதில்லை. நீட்டிய கைகள் அனைத்திற்கும் அது கிடைக்கிறது. அந்த நியாயம் குளக்கட்டிலும் நிலைக்க அம்பாள் அருள்புரிவாளாக.