உழைத்தால் மட்டும் உடம்பு ஏறாது

கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒருவர் இளைத்துவிட்டால், "எப்படிக் குறைச்சீங்க?" என்று யாரும் கேட்பதில்லை. "சுகரா சார்?" என்பார்கள். கொஞ்சம் நெருங்கியவர்கள் "வீட்ல ஏதாவது பிரச்சினையா?" என்பார்கள். வயதானவர்கள் மட்டும் குரலைத் தாழ்த்தி, "சளி டெஸ்ட் எடுத்துப் பாத்தியாப்பா?" என்பார்கள். மூன்றும் அக்கறையில் வருகிற கேள்விகள்தான். அதிலும் மூன்றாவது இந்தப் பக்கத்துக்காரர்களின் வாயில் சும்மா வந்து உட்காரவில்லை. காசநோய்க்கு எதிரான பி.சி.ஜி. தடுப்பூசியைச் சோதிக்க 1968-இல் தொடங்கிய மிகப் பெரிய ஆய்வு, அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், திருவள்ளூரைச் சுற்றியுள்ள கிராமங்களில்தான் நடந்தது. இரண்டரை லட்சம் பேருக்கு மேல் கையை நீட்டியிருக்கிறார்கள். எடை குறைந்தால் பயப்பட வேண்டும் என்பது இங்கே இரண்டு தலைமுறைப் பாடம்.

எனக்கு வந்தது சுகர். 96 கிலோ இருந்தவன் 71-க்கு இறங்கினேன். அரிசியைப் பாதியாக்கினேன், மாலையில் நடந்தேன், மாத்திரை சாப்பிட்டேன். அதில் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமில்லை. சர்க்கரை அளவு இறங்கியது, டாக்டருக்குச் சந்தோஷம். பழைய பேன்ட்டுகளை டெய்லரிடம் கொடுத்துப் பிடித்துத் தைத்துக்கொண்டேன். ஆனால் பொன்னேரி ஸ்டேஷனில் மேம்பாலம் ஏறும்போது ஒன்றைக் கவனித்தேன். முன்பு போல மூச்சு வாங்கவில்லை, தொடை நடுங்கியது. ஒரு நாள் காஸ் சிலிண்டர் மாற்றும்போது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. உள்ளே 14.2 கிலோ காஸ், இரும்போடு சேர்த்தால் முப்பதுக்குப் பக்கம். தொப்பையோடு இருந்த காலத்தில் நான் ஒற்றை ஆளாய்த் தூக்கி வைத்ததுதான். இப்போது தரையோடு உருட்டிக்கொண்டு போனேன்.

யோசித்தால் இதில் அதிசயம் இல்லை. 96 கிலோவைச் சுமந்த கால்கள் காலையிலிருந்து இரவுவரை தெரியாமலே பயிற்சி செய்துகொண்டிருந்தன. சுமை இறங்கியதும் இவ்வளவு தசை எதற்கு என்று உடம்பு கணக்குப் பார்த்துக் கழித்துவிட்டது. உணவைக் குறைத்து மட்டும் இளைத்தால், போகிற எடையில் ஏறத்தாழ கால் பங்கு கொழுப்பாக இருக்காது, தசையும் அதைச் சேர்ந்ததுமாக இருக்கும் என்பது மருத்துவத்தில் பழைய கணக்கு. 2025-இல் இந்தியாவுக்கு வந்திறங்கிய இளைக்கும் ஊசிகளில் ஒன்றான செமாக்ளூடைடின் முக்கியமான ஆய்வில், ஸ்கேன் எடுக்கப்பட்ட சிறு குழுவுக்கு அந்தப் பங்கு ஐந்தில் இரண்டுக்குப் பக்கத்தில் இருந்தது. ஊசி விளம்பரமாகட்டும், பேலியோ குழுவாகட்டும், முன்-பின் படங்களோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அதற்குப் பின் என்ன என்ற படத்தை நான் பார்த்ததில்லை.

எடை காட்டும் மெஷினுக்கு எது கொழுப்பு எது தசை என்று தெரியாது. 2004-இல் லான்செட் இதழில் இரண்டு மருத்துவர்கள் தங்கள் படத்தையே போட்டு இதைச் சொன்னார்கள். ஒருவர் லண்டனின் யுட்கின், இன்னொருவர் புனேயின் யாஜ்னிக். உயரத்துக்கு எடை பார்க்கும் பி.எம்.ஐ. இருவருக்கும் 22.3 தான். உடம்பில் கொழுப்போ லண்டன்காரருக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2. ஒல்லியாகத் தெரிகிற இந்திய உடம்புக்குள் எவ்வளவு கொழுப்பு உட்கார்ந்திருக்க முடியும் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான சாட்சி தேவையில்லை. சாப்பிட்ட பின் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பகுதியை வாங்கிக்கொள்வது தசைதான். எனவே என்னைப் போன்ற சுகர்க்காரனுக்குத் தசை அலங்காரம் அல்ல.

இளைத்தவன் பழையபடி சாப்பிட ஆரம்பித்தால் போனதெல்லாம் போன வரிசையில் திரும்பி வருமா? வராது. இரண்டாம் உலகப் போரின் கடைசி ஆண்டில் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஆன்சல் கீஸ் என்ற ஆய்வாளர், ஆயுதம் ஏந்த மறுத்த 36 இளைஞர்களை அவர்கள் சம்மதத்தோடு ஆறு மாதம் அரைப் பட்டினி போட்டார். எடையில் ஏறத்தாழ கால் பங்கு போயிற்று. மறுபடி உணவு கொடுத்தபோது முதலில் ஓடி வந்தது கொழுப்பு. தசை பின்தங்கியே நின்றது. கொழுப்பு வருவதற்குச் சோறு போதும். தசை வர வேறு சில ஏற்பாடுகள் தேவைப்படுகின்றன.

அந்த ஏற்பாடுகளை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் பைபாஸ் ஓரத்தில் ஜிம் வைத்திருக்கும் மாஸ்டர். வடசென்னைக்காரர். ஒரு காலத்தில் ஆணழகன் மேடை ஏறியவர். ஆணழகன் போட்டிகளில் ஜெயித்து 2019-இல் அர்ஜுனா விருது வாங்கிய சென்னைக்காரர் எஸ். பாஸ்கரனின் படத்தைச் சுவரில் மாட்டி, ஆயுத பூஜைக்கு மாலை போடுகிறவர். ஐம்பதைத் தாண்டியவன் கையில் என்ன கொடுப்பாரோ என்று பயந்துகொண்டுதான் போனேன். நாற்காலியில் உட்கார்ந்து எழச் சொன்னார், கை ஊன்றாமல். பத்தாவது முறை எழ முடியாமல் தவித்தபோது, "இதான் சார் கணக்கு. கடைசி ரெண்டு கஷ்டமா இருக்கணும். ஈஸியா இருந்தா வெயிட்ட ஏத்தணும்" என்றார். இன்று கால் என்றால் நாளை காலைத் தொடவிட மாட்டார். "வளர்றது இங்க இல்ல சார், வூட்ல. துன்னுட்டுத் தூங்குனாத்தான் ஏறும்."

தின்பது முதலில். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 அளவுப்படி ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் போதும். எனக்கு அது 60 கிராம். பயிற்சியோடு தசை சேர்க்க நினைப்பவர்களுக்கு அதில் இரு மடங்குக்குப் பக்கம், கிலோவுக்கு 1.6 கிராம் வரை, பயன் இருக்கிறது என்கின்றன ஆய்வுகள். நாலு இட்லி, சாம்பாரில் பத்துப் பன்னிரண்டு கிராம் தேறினால் அதிகம். ஒரு முட்டைக்கு 6. எனக்குச் சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டே டாக்டர் தலையாட்டினார். பிறகு எங்கள் வீட்டில் சுண்டல் பண்டிகைப் பலகாரம் என்ற நிலையிலிருந்து அன்றாடமாகிவிட்டது. மனைவி அலுத்துக்கொள்வதில் நியாயம் இருக்கிறது.

நான் சிப்காட்டில் ஓர் இரும்பு ஆலையின் டைம் ஆபீஸில் இருக்கிறேன். கான்ட்ராக்ட் ஆட்களில் ஒருவர், ஃபர்னஸுக்குப் போகும் மாங்கனீஸ் மூட்டைகளை இறக்குபவர், நான் ஜிம்முக்குப் போவதைக் கேள்விப்பட்டுக் கேட்டார்: "நாங்க காசு வாங்கிட்டுத் தூக்குறோம், நீங்க காசு குடுத்துத் தூக்குறீங்களாமே சார்?" இந்தக் கிண்டலைத் தமிழ்நாட்டில் ஜிம் ஏறிய எல்லோரும் கேட்டிருப்பார்கள். நானும் சிரித்தேன். அடுத்து அவர் கேட்டதற்குச் சிரிக்க முடியவில்லை. "நான் நாள் பூரா தூக்குறேன். எனக்கு ஏன் சார் ஏற மாட்டேங்குது?"

அவருக்கு இரண்டு வருடம் முன்பு டி.பி. 58 கிலோவிலிருந்து 44-க்குப் போய்விட்டார். ஆறு மாதம் மாத்திரையை விடாமல் சாப்பிட்டார், சளியில் கிருமி இல்லை, நோய் முடிந்தது. எடையும் 57-க்கு வந்துவிட்டது. ஆனால் வந்தது வயிற்றில் வந்திருக்கிறது. தோளும் தொடையும் இன்னும் அந்த 44 கிலோ ஆளுடையவை. என் கதையும் அவர் கதையும் வேறு வேறு வாசலில் தொடங்கி ஒரே இடத்துக்கு வந்து நிற்கின்றன. நான் அரிசியைக் குறைத்துத் தொலைத்ததை அவர் இருமித் தொலைத்தார்.

அவர் கேள்விக்கு நான் படித்ததை வைத்துச் சொல்லிப்பார்த்தேன். மூட்டை இன்றும் 50 கிலோ, அடுத்த வருடமும் 50 கிலோ. அதைத் தூக்கத் தேவையான அளவுக்கு உடம்பு தயாராகிவிட்டால் அதற்கு மேல் ஒரு துளி கூடச் சேர்க்காது. தவிர, விவரம் தெரிந்த லோடுமேன் தன் முழு பலத்தையும் ஒரு மூட்டையில் காட்ட மாட்டார். எட்டு மணி நேரம் ஓட்ட வேண்டுமே. முதுகை எங்கே கொடுக்க வேண்டும், எப்போது மூச்சை விட வேண்டும் என்று அளந்து செலவு செய்வார். அது அறிவு. ஆனால் ஜிம்மில் தசையை வளர்ப்பது அந்த அறிவுக்கு நேர் எதிரான ஊதாரித்தனம்: முடியாத கட்டம் வரை பத்தே முறை தூக்கிவிட்டு, அந்தப் பாகத்துக்கு இரண்டு நாள் லீவு கொடுப்பது. மூட்டை இறக்குகிற தோளுக்கு நாளைக்கு லீவு உண்டா?

அப்புறம் தூக்கம். சிகாகோ பல்கலைக்கழகத்தில் பருமனானவர்கள் பத்துப் பேரை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2010-இல் வெளியானது. அதே குறைந்த உணவு. இரண்டு வாரம் எட்டரை மணி நேரம் படுக்கை, வேறு இரண்டு வாரம் ஐந்தரை மணி நேரம். இரண்டிலும் எடை ஏறத்தாழ ஒரே அளவு குறைந்தது. தூக்கம் குறைந்த வாரங்களில் கரைந்த கொழுப்பு பாதிக்கும் கீழே போய்விட்டது, தசைப் பக்க இழப்பு 60 சதவீதம் கூடிவிட்டது. நம் ஆள் வாரம் மாறி வாரம் நைட் ஷிப்ட். காலை ஆறு மணிக்கு வெளியே வந்து, ஓ.டி. இருந்தால் மதியம் வந்து, ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே பகலில் தூங்குபவர். மே மாதத்தில் அந்தக் கூரைக்குக் கீழே யாருக்கு ஐந்தரை மணி நேரம் வாய்க்கும்?

சென்னையில் 1956-இல் தொடங்கிய ஓர் ஆய்வு இங்கே நினைவுக்கு வருகிறது. காசநோயாளிகள் 193 பேரில் பாதிப்பேரைச் சானடோரியத்தில் சேர்த்தார்கள். மற்றவர்களை வீட்டிலேயே இருக்கவைத்து அதே மாத்திரையைக் கொடுத்தார்கள். சானடோரியத்தில் படுக்கை, ஓய்வு, நல்ல சாப்பாடு. வீட்டில் ஒண்டுக் குடித்தனம், அரை வயிறு, பலருக்கு வேலை வேறு. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் குணமானவர் விகிதம் இரு பக்கமும் ஏறத்தாழ ஒன்றுதான். 1959-இல் இந்த முடிவு வெளியானதும் உலகம் காசநோய்க்குச் சானடோரியம் தேவையில்லை என்ற பக்கம் திரும்பியது. ஏழை நாடுகளுக்கு அது பெரிய விடுதலை. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அதே ஆய்வில் சானடோரியத்தில் இருந்தவர்களுக்கே எடை அதிகம் கூடியது. அந்த வித்தியாசம் குணமானோர் கணக்கில் வராததால் ஒதுங்கிப்போயிற்று. கிருமி செத்தால் வேலை முடிந்தது என்ற மனப்பான்மை நமக்கு அங்கிருந்து வந்திருக்கலாம் என்பது என் ஊகம்.

ஒதுங்கிப்போன அந்த எடைக் கணக்கு இப்போதுதான் திரும்பிவருகிறது. ஜார்க்கண்டில் 2019 முதல் 2022 வரை 2,800 நோயாளிகளுக்கு மாதந்தோறும் 10 கிலோ உணவுப் பை கொடுத்துப் பார்த்தார்கள். அரிசி, பருப்பு, பால்பவுடர், எண்ணெய். முதல் இரண்டு மாதத்தில் எடை ஏறியவர்களிடையே மரணம் வெகுவாகக் குறைந்தது. பை போன வீடுகளில் மற்றவர்களுக்கு நோய் தொற்றுவதும் குறைந்தது. தமிழ்நாடும் 2022 முதல் புதிய நோயாளி வந்தவுடன் எடை, மூச்சு, தாங்கல் இல்லாமல் நிற்க முடிகிறதா என்று பார்த்து, மோசமானவர்களை உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்கிறது. சத்துணவுக்காக ஒன்றிய அரசு தரும் மாதம் 500 ரூபாய், 2024 நவம்பரிலிருந்து 1,000 ஆனது. நல்லது. எல்லாம் சிகிச்சை முடிகிற நாள் வரை. அதற்கு மறுநாள் அவர் 'ஃபிட்'. மூட்டைக்கு அடியில் தோளைக் கொடுக்கலாம்.

மனசு வைத்தால் யாருக்கும் முடியும் என்று ஜிம் போஸ்டர்களில் எழுதியிருக்கிறது. பாஸ்டனில் 1990-இல் முதியோர் இல்லத்துத் தொண்ணூறு வயதுக்காரர்களுக்கு எட்டு வாரம் எடைப் பயிற்சி கொடுத்தபோது கால் பலம் இரண்டரை மடங்கைத் தாண்டியது. தொண்ணூறிலும் தசை கேட்டால் கொடுக்கிறது என்பது எனக்கு ஆறுதல்தான். ஆனால் அந்த முதியவர்களுக்குச் சாப்பாடும் படுக்கையும் நேரத்துக்குக் கிடைத்தன. எனக்கு ஜெனரல் ஷிப்ட், ஞாயிறு லீவு, மின்விசிறி, சுண்டல் வேகவைக்க ஒரு ஆள். என் தொடை இப்போது மேம்பாலத்தில் நடுங்குவதில்லை என்றால் அதில் என் மனசு வைத்த பங்கு கால்வாசி. மீதியை என் வேலை நேரம் செய்தது.

சூப்பர்வைசரிடம் பேசி அந்த மூட்டை இறக்குபவரைச் சில மாதம் ஸ்டோர்ஸுக்கு, பகல் வேலைக்கு மாற்றினோம். அரசாங்க மருத்துவமனை டாக்டரும் படிப்படியாகப் பயிற்சி செய்யலாம் என்றார். மாஸ்டர் பாதிக் காசுக்குச் சேர்த்துக்கொண்டார். தோளில் கொஞ்சம் சதை தெரிய ஆரம்பித்த நேரத்தில் மறுபடி நைட் ஷிப்ட் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். பகலில் ஓ.டி. கிடையாது, வண்டிக் கடன் தவணை நிற்கிறது. "சதையைக் காட்டி டியூ கட்ட முடியாதே சார்" என்கிறார். அந்தத் தாள் என் மேஜையில்தான் வந்து விழுந்தது. பேசிப் பேசி, இரண்டு வாரம் நைட், இரண்டு வாரம் பகல் என்று முடித்திருக்கிறோம். பள்ளிக்கூடப் பிள்ளைக்கு இந்த மாநிலம் வாரம் 5 முட்டை கொடுக்கிறது. எங்கள் நைட் ஷிப்ட்டுக்கு டீயும் பன்னும். இரவுச் சாப்பாட்டில் ஆளுக்கு இரண்டு முட்டை சேர்க்கச் சொல்லித் தனியாக ஒரு கடிதம் போயிருக்கிறது. கேன்டீன் கான்ட்ராக்டர், தட்டுக்கு ரேட் எவ்வளவு கூட்டித் தருவீர்கள் என்று கேட்டிருக்கிறார்.