ஆடியில் போனவருக்கும் அந்த வாசல் திறக்குமா?

அயனம்பாக்கத்தில் ஏரிக்குப் பக்கத்துத் தெருவில், ஓர் அன்பர் வீட்டு மாடியில் ஐப்பசி மாதத்து ஏகாதசியன்று திருவாய்மொழிச் சொற்பொழிவு. முடிந்து, தீர்த்தமும் துளசியும் கொடுத்தாகி, எல்லோரும் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த நேரம். ஒரு சகோதரி மட்டும் தூண் ஓரமாக நின்றுகொண்டிருந்தார்.

"சுவாமி, ஒரு சந்தேகம். எங்க மாமியார் இந்த ஆடியில தேய்பிறையில, ராத்திரி ரெண்டு மணிக்குப் போனாங்க. கடைசி மூணு மாசமா யாரையும் அடையாளம் தெரியலை. 'பெருமாள் பேரைச் சொல்லுங்கம்மா'ன்னு காதுல சொன்னா, 'நீ யாரு?'ன்னு கேப்பாங்க. பதின்மூணாம் நாள் வந்த உறவுக்காரர் ஒருத்தர், 'தட்சிணாயனம், தேய்பிறை, ராத்திரி, மூணும் சேர்ந்துடுச்சு. பகவான் நாமமும் வாயில வரலை. நல்ல கதி கஷ்டம்தான்'னு சொல்லிட்டுப் போயிட்டாரு. அன்னைலேர்ந்து எனக்குத் தூக்கம் இல்லை. நீங்க இன்னிக்குச் சொன்ன அந்த வைகுண்ட வாசல், அவங்களுக்குத் திறந்திருக்குமா?"

அன்று நான் சொன்ன பதிலை அப்படியே உங்களுக்கும் சொல்கிறேன். ஏனென்றால் இந்தக் கேள்வியை வாய்விட்டுக் கேட்காமல் மனதிலேயே வைத்துப் புழுங்குகிறவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள்.

நான் அன்று எடுத்துக்கொண்டது பத்தாம் பத்தின் ஒன்பதாம் திருவாய்மொழி. ஆயிரத்து நூற்றிரண்டு பாசுரங்கள் கொண்ட பிரபந்தத்தில், கடைசிக்கு முந்தைய பதிகம். உயிர் உடம்பை விட்டுப் புறப்பட்டதும் அது போகும் வழியில் என்னென்ன நடக்கிறது என்பதை, பக்கத்தில் நின்று பார்த்தவர் போல நம்மாழ்வார் சொல்கிறார். இதற்கு அர்ச்சிராதி மார்க்கம் என்று பெயர். அர்ச்சிஸ் என்றால் ஒளி. ஒளியில் தொடங்கும் வழி. பிள்ளை லோகாசாரியர் இதற்கென்றே 'அர்ச்சிராதி' என்று ஒரு நூல் செய்தார். வேதாந்த தேசிகர் 'பரமபத சோபானம்' என்று ஒன்பது படிகளாக விரித்தார்.

வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழிக்கப் பரமபதம் ஆடுகிறோமே, அந்த அட்டைக்கும் பரமபத சோபான படம் என்றுதான் பெயர். அந்த அட்டையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஏணி உண்டு, பாம்பும் உண்டு. உச்சிக்குப் பக்கத்தில் போன பிறகும் ஒரு பெரிய பாம்பு வாயைத் திறந்துகொண்டு காத்திருக்கும். தாயம் சரியாக விழாவிட்டால் சறுக்கல். நம்மில் பலருக்கு மறுமையைப் பற்றிய பயமே இந்த அட்டையிலிருந்து வந்ததோ என்று எனக்கு அடிக்கடி தோன்றும். ஏனென்றால் ஆழ்வாருடைய பதிகத்தில் தேடித் தேடிப் பார்த்தாலும் ஒரு பாம்பு கிடையாது!

அங்கே இருப்பது என்ன தெரியுமா? வரவேற்பு. அடியவர் புறப்பட்டதும் வானத்து மேகங்கள் வாத்தியம் போல முழங்குகின்றன. கடல் அலைகளைக் கைகளாகத் தூக்கி ஆடுகிறது. மழைமேகங்கள் பூரண கும்பங்களாக நிற்கின்றன. பெரிய மலைகள் தோரணம் ஆகின்றன. பூமழை பொழிகிறது, தூபம் மணக்கிறது. முனிவர்கள் இரண்டு பக்கமும் நின்று 'இப்படி எழுந்தருளுங்கள்' என்கிறார்கள். வழி நெடுகத் தேவர்கள் தங்கிப் போக இடம் அமைத்து வைத்திருக்கிறார்கள். கின்னரர்கள் பாடுகிறார்கள். கடைசியில் வைகுந்தத்து வாசல். வாசல் காப்பவர்கள், 'எங்கள் சுவாமியைச் சேர்ந்தவர்கள் எங்களையும் சேர்ந்தவர்கள்தானே, வாருங்கள்' என்று உள்ளே விடுகிறார்கள். உள்ளே போனதும் காலைக் கழுவுகிறார்கள். நிலவு போன்ற முகமுடைய பெண்கள் நிறைகுடமும் மங்கள விளக்கும் வாசனைப் பொடியும் ஏந்தி எதிரே வருகிறார்கள். அவர்கள் ஏந்தி வரும் 'நிதி' என்பதற்கு உரையாசிரியர்கள் சடாரி என்று பொருள் சொல்வார்கள். கோயிலில் நம் தலையில் வைக்கிறார்களே, அதே சடாரி.

சகோதரிகளே, இதையெல்லாம் எங்கேயோ பார்த்த மாதிரி இல்லை? தோரணம், குடம், விளக்கு, கால் கழுவத் தண்ணீர். ரொம்ப நாள் கழித்து ஊரிலிருந்து வரும் பெண்ணையும் மாப்பிள்ளையையும் நீங்கள் இப்படித்தானே வாசலில் நிறுத்தி வரவேற்கிறீர்கள்! பரமபதத்தைச் சொல்ல வந்த ஆழ்வாருக்குப் பொன்னாலான நகரமும் ரத்தினச் சிம்மாசனமும் தெரியாமலா போயிற்று? இருந்தும் ஒரு வீட்டு வாசலைத்தான் காட்டுகிறார். விருந்தாளியைப் போல் அல்ல, வீட்டு மனிதரைப் போல் உள்ளே போகிறோம் என்று காட்ட இதைவிட நல்ல படம் கிடையாது.

இன்னொன்று கவனியுங்கள். புறப்பட்டுப் போகிறவரைப் பற்றி ஆழ்வார் என்ன சொல்கிறார்? எத்தனை விரதம் இருந்தார், எந்தத் திதியில் போனார், கடைசி வார்த்தை என்ன, ஒன்றும் இல்லை. 'தமர்' என்ற ஒரே ஒரு சொல்லைத்தான் திரும்பத் திரும்ப வைக்கிறார். நாரணன் தமர், மாதவன் தமர். தமர் என்றால் தன்னைச் சேர்ந்தவர். வாசலில் கேட்கப்படுவது, 'நீ யாரைச் சேர்ந்தவர்?' என்பது மட்டும்தான்.

"அப்போ தட்சிணாயனம்?" என்றார் அந்தச் சகோதரி. விடுவதாக இல்லை. கேட்க வேண்டிய கேள்விதான்.

உறவினர் சொன்னதற்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. சாந்தோக்ய உபநிஷதம் இரண்டு வழிகளைச் சொல்கிறது. ஒளி, பகல், வளர்பிறை, உத்தராயணம் என்று போவது ஒன்று. புகை, இரவு, தேய்பிறை, தட்சிணாயனம் என்று போவது மற்றொன்று. கீதையின் எட்டாம் அத்தியாயத்திலும் கண்ணன் இதைச் சொல்கிறான். ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டால் பாதிக் கிணறு தாண்டிய கதைதான். இந்தப் பகல், வளர்பிறை, உத்தராயணம் எல்லாம் பஞ்சாங்கத்தில் வரும் நேரங்கள் அல்ல, அந்தந்தக் காலத்துக்கு அதிபதியான தேவதைகள் என்று பிரம்மசூத்திரம் தீர்மானிக்கிறது. உயிரைக் கைப்பிடித்து ஒருவர் அடுத்தவரிடம் ஒப்படைக்கும் வழித்துணைகள். கீதையில் அந்த இடத்தில் வரும் 'காலம்' என்ற சொல்லுக்கு, 'வழி' என்றே ராமாநுஜர் தம் பாஷ்யத்தில் பொருள் கொள்கிறார். பிரம்மசூத்திரத்தின் நான்காம் அத்தியாயம் இன்னும் வெளிப்படையாகவே பேசுகிறது. பகவானை உபாசித்தவன் இரவில் போனாலும் சரி, தெற்கு அயனத்தில் போனாலும் சரி, அவனுக்குப் பலன் தவறாது.

அப்படியானால் பீஷ்மர் ஏன் அம்புப் படுக்கையில் 58 இரவுகள் காத்திருந்தார்? தந்தை சந்தனு கொடுத்த, நினைத்தபோது உயிர் விடும் வரம் அவருக்கு இருந்தது. காத்திருக்க முடிந்தவர் காத்திருந்தார். ஆஸ்பத்திரியில் குழாயோடு படுத்திருக்கும் ஒரு பாட்டியிடம் போய், 'தை பிறக்கட்டும், பொறுத்துக்கோ' என்று பெருமாள் சொல்வாரா?

அயனம் என்றால் வழி, செல்லுதல் என்று பொருள். உங்கள் ஊர்ப் பெயரிலேயே அந்த ஓசை இருக்கிறதே என்று சொன்னேன். பெயர்க் காரணம் அதுதான் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அந்தச் சகோதரி முதன்முறையாகக் கொஞ்சம் சிரித்தார்.

கடைசி நேரத்தில் நாமம் சொல்லவில்லையே என்பதுதான் அவர் மனதில் தைத்திருந்த பெரிய முள். அதற்குப் பதில் அயனம்பாக்கத்துக்கு ரொம்பப் பக்கத்தில், பூவிருந்தவல்லியில் இருக்கிறது. திருக்கச்சி நம்பிகள் அவதரித்த ஊர் அல்லவா அது! மாசி மிருகசீரிடம் அவர் திருநட்சத்திரம். காஞ்சி வரதனுக்கு ஆலவட்டம் வீசும் கைங்கரியம் செய்தவர். வீசும்போது பெருமாள் அவரோடு பேசுவார் என்பது குருபரம்பரைக் கதை. ராமாநுஜர் தம் மனதிலிருந்த சில சந்தேகங்களைப் பெருமாளிடம் கேட்டுச் சொல்லும்படி நம்பிகளை வேண்டினார். வரதன் ஆறு வார்த்தைகளில் பதில் சொன்னார். பரம்பொருள் நானே, சரணாகதியே உபாயம் என்று போகும் அந்த ஆறில் ஒன்று என்ன தெரியுமா? என்னைச் சரணடைந்தவர்களுக்குக் கடைசி நேர நினைவு கட்டாயம் இல்லை!

வராகப் பெருமாள் பூமித்தாயிடம் சொன்ன வார்த்தையும் இதுவேதான். உடம்பும் மனதும் நன்றாக இருந்தபோது என்னை நினைத்தவன், கட்டை போலவும் கல் போலவும் கிடக்கும் நேரத்தில் அவனை நான் நினைத்துக்கொள்கிறேன், நானே அழைத்துப் போகிறேன் என்கிறார். நினைக்க வேண்டிய பொறுப்பை அவரே எடுத்துக்கொண்டுவிட்டார். பெரியாழ்வாரும் அரங்கனிடம், அந்த நேரத்தில் என்னால் முடியாது, அதனால் இன்றைக்கே சொல்லிவிடுகிறேன் என்று முறையிட்டுத் தீர்த்துக்கொண்டார்.

"மாமியார் நன்றாக இருந்த நாளில் என்ன செய்வார்?" என்று கேட்டேன்.

"தினமும் விளக்கேத்தித் திருப்பல்லாண்டு சொல்லுவாங்க. ஏகாதசி ராத்திரி பேரப்பிள்ளைங்களோட பரமபதம் ஆடுவாங்க. பாம்பு கொத்தினா, 'பரவாயில்லைடா, இன்னொரு தடவை போடு'ன்னு விட்டுடுவாங்க."

"பேரப்பிள்ளைக்கே அவர் இன்னொரு தடவை கொடுத்தாரே அம்மா!" என்றேன்.

ஒரு விஷயத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். இந்தப் பதிகத்தை யாராவது ஆசாரியன் திருவடி அடைந்தால்தான் சேவிக்க வேண்டும், வீட்டில் சும்மா சொன்னால் ஆகாது என்று சிலர் பயப்படுகிறார்கள். வேண்டாத பயம். திருவாய்மொழி முழுவதும் சேவிக்கிறவர்கள் இதை விட்டுவிட்டா சேவிக்கிறார்கள்? இராப்பத்தின் நிறைவில் ஸ்ரீரங்கத்தில் நம்மாழ்வார் மோட்சம் சேவித்திருக்கிறீர்களா? அர்ச்சகர்கள் ஆழ்வாரைக் கைகளில் ஏந்திப் போய்ப் பெருமாள் திருவடியில் சேர்த்து, துளசியால் மூடிவிடுவார்கள். பார்ப்பவர்களுக்குத் தொண்டை அடைக்கும். பிறகு, இந்த உலகத்துக்காக ஆழ்வாரைத் திருப்பித் தரவேண்டும் என்று விண்ணப்பம் செய்து பெற்றுக்கொள்வார்கள். அதைவிட மங்களமான காட்சி உண்டா என்ன?

அந்தச் சகோதரி புறப்படும்போது மறுபடி திரும்பி வந்தார். "கால் கழுவுறாங்கன்னு சொன்னீங்களே, அது எத்தனாவது பாசுரம்?"

"பத்தாவது."

"கடைசி மூணு மாசம் அவங்க காலை நான்தான் தினமும் வெந்நீர் வெச்சுக் கழுவித் துடைப்பேன். நான் யாருன்னு தெரியாது. ஆனா காலை மட்டும் நீட்டுவாங்க."

புத்தகத்தைப் பிரித்து அந்தப் பக்கத்தில் துளசி ஒன்றை வைத்து அவரிடம் கொடுத்தேன். மாடிப்படி விளக்கடியிலேயே நின்று படிக்க ஆரம்பித்துவிட்டார்.